பர்மிஷன் வாங்கினீங்களா?

2024 ஜூலை 1-ம் தேதி காலையில் நம் ஊர் போலீஸ் ஸ்டேஷன்களில் ஒரு விசித்திரம் நடந்தது. இருபது, முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட ஏட்டுகள்கூட கையில் புத்தகத்தோடு எண்களை மனப்பாடம் பண்ண வேண்டியதாயிற்று. கொலைக்கு 302 இல்லை, இனி 103. மோசடிக்கு 420 இல்லை, 318. தெருவில் சண்டை போட்டுக்கொள்ளும்போது 'அவன் ஒரு ஃபோர் ட்வென்டி' என்று சொல்கிறோமே, அந்த வசவுக்குக்கூட சட்டப்படி அன்றோடு ஆயுள் முடிந்துவிட்டது!

நூற்று அறுபத்திரண்டு வருடம் அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் போய், 'பாரதிய நியாய சன்ஹிதா' வந்த நாள் அது. குற்ற நடைமுறைச் சட்டத்துக்கு பதில் 'பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா'. சாட்சியச் சட்டத்துக்கு பதில் 'பாரதிய சாக்‌ஷிய அதிநியம்'. பெயரைச் சொல்லவே மூச்சு வாங்குகிறது என்று தமிழ்நாட்டு வக்கீல்கள் கோர்ட்டுக்கு வெளியே கோஷம் போட்டார்கள். 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்றது அரசாங்கம்.

உண்மையிலேயே எறிந்துவிட்டோமா?

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். பழைய லெட்ஜரை மூடிவிட்டுப் புது லெட்ஜரைத் திறக்கும்போது, முதல் வரியில் எழுதுவது பழைய பாக்கியைத்தான். அட்டை புதுசாக இருக்கும், பாக்கி அதேதான். எனவே சட்டப் புத்தகத்தின் அட்டையை விட்டுவிட்டு உள்ளே போவோம். எல்லாப் பிரிவுகளையும் பார்க்கப் பொழுது போதாது. இரண்டே இரண்டு இடங்களை மட்டும் பார்க்கலாம். ஒன்று, அரசாங்க ஆபீஸ். இன்னொன்று, கணவன் மனைவியின் வீடு.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. ஒரு சாதாரண ஆள் தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்தால், 'சரிப்பா, அவரிடம் பர்மிஷன் வாங்கினாயா?' என்று சட்டம் கேட்ட இடங்கள் இவை. ஆபீஸ் விஷயத்தில் 'அவர்', அரசாங்கம். வீட்டு விஷயத்தில் 'அவர்', புருஷன்!

கதை நம்ம மெட்ராஸ் கடற்கரையில் ஆரம்பிக்கிறது.

1834 ஜூன் 10. கப்பலிலிருந்து ஒரு முப்பத்துமூன்று வயது ஆங்கிலேயர் இறங்குகிறார். பெயர் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. வருடத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு சம்பளம். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கிற தொகை. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் இருந்ததால், மெக்காலேயைப் பல்லக்கில் உட்காரவைத்து மைசூர் வழியாக மலையேற்றினார்கள். தூக்கியவர்கள் நம் ஆட்கள். அந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான் அவர் பின்னால் சட்டம் எழுதப் போகிறார்.

கல்கத்தாவில் சட்ட கமிஷன் தலைவரான மெக்காலே, 1837-ல் தண்டனைச் சட்டத்தின் வரைவை முடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அடுத்த வருடமே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். வரைவு? அலமாரியில் தூங்கியது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. இருபத்துமூன்று வருடம்! 1857 புரட்சி நடந்து, கம்பெனி ஆட்சி போய், ராணி ஆட்சி வந்த பிறகு 1860 அக்டோபரில்தான் அது சட்டமானது. பார்க்க மெக்காலே உயிரோடு இல்லை. அதற்குப் பத்து மாதம் முன்பே இறந்துபோயிருந்தார். 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது.

இந்த இடைப்பட்ட காலத்தில் மெட்ராஸ் ராஜதானியில் ஒரு பூகம்பம் நடந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நாம் மேலே போக முடியாது.

வரி பாக்கி வைத்த குடியானவர்களை ரெவின்யூ சிப்பந்திகளும் போலீஸும் அடித்து உதைத்து வசூலிக்கிறார்கள் என்று 1854-ல் லண்டன் பார்லிமென்ட்டிலேயே பிரச்னை கிளம்பியது. 'அப்படியெல்லாம் இருக்காது' என்று மறுத்தவர்கள் உண்டு. விசாரிக்க மெட்ராஸில் மூன்று பேர் கொண்ட கமிஷன் போட்டார்கள். மெட்ராஸ் சித்திரவதை கமிஷன் என்பது அதன் பெயர். ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கால்நடையாகவே வந்து சாட்சி சொன்னார்கள். மனுக்கள் ஆயிரத்தைத் தாண்டின. 1855-ல் வந்த அறிக்கையில் நம் தமிழ் வார்த்தைகள் இரண்டு ஆங்கில எழுத்தில் ஏறின. ஒன்று, கிட்டி. விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. இன்னொன்று, அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் பிணைத்து, வெயிலில் அப்படியே விடுவது.

சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து கார்ல் மார்க்ஸ், நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்தே கட்டுரை எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிக்கை வந்து ஐந்து வருடத்தில் நிறைவேறிய சட்டத்தில் 330-வது பிரிவைப் புரட்டினால், உதாரணம் கொடுத்திருப்பார்கள். வாக்குமூலம் வாங்க அடிக்கிற போலீஸ் அதிகாரி. வரி பாக்கிக்காகச் சித்திரவதை செய்கிற ரெவின்யூ அதிகாரி. ஏழு வருடம் வரை ஜெயில். எலும்பு முறிவு போன்ற பலத்த காயம் என்றால் பத்து வருடம். ஆக, தன் அதிகாரிகள் எப்படிப்பட்டவர்கள் என்று சட்டத்துக்கே நன்றாகத் தெரிந்திருந்தது! புதிய சன்ஹிதாவில் இது 120-வது பிரிவு. போலீஸும் ரெவின்யூ அதிகாரியும் உதாரணங்களாக இப்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, குற்றம் என்று எழுதியாயிற்று. கேஸ் போட முடியுமா?

அங்கேதான் வந்தது பூட்டு. 1898-ம் வருட குற்ற நடைமுறைச் சட்டத்தின் 197-வது பிரிவு. குறிப்பிட்ட அந்தஸ்தில் உள்ள ஓர் அதிகாரி, தன் கடமையைச் செய்யும்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்தை கோர்ட் விசாரிக்க வேண்டுமானால் அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டும். நேர்மையான அதிகாரியைப் பொய் கேஸ்களிலிருந்து காப்பாற்ற இது தேவை என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு சிக்கல். 'அனுமதி கொடு' என்று சட்டம் சொன்னதே தவிர, 'எத்தனை நாளுக்குள்' என்று சொல்லவில்லை. ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகும். வரும். மறுபடி போகும். அதற்குள் அதிகாரி ரிடையரே ஆகிவிடுவார். சுதந்திரம் வந்தது, 1973-ல் நடைமுறைச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். 197 மட்டும் அதே எண்ணோடு, அதே பூட்டோடு இருந்தது.

இனி, வீட்டுக்குள் போவோம்.

மெக்காலே தன் 1837 வரைவில் கள்ளக்காதலைக் குற்றமாகச் சேர்க்கவே இல்லை. காரணமும் எழுதி வைத்தார். இந்த நாட்டில் பெண்ணைக் குழந்தையிலேயே கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். இளமை போவதற்குள் புருஷன் இன்னொருத்தியைக் கொண்டுவந்துவிடுகிறான். ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ளும் ஊரில் அவளை மட்டும் தண்டிப்பது தகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பின்னால் வந்த கமிஷன் அதை ஏற்கவில்லை. சேர்த்தே தீருவோம் என்றது. அப்படிப் பிறந்ததுதான் 497-வது பிரிவு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தவனுக்கு ஐந்து வருடம் வரை ஜெயில். அந்தப் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. 'அட, பெண்ணுக்கு எவ்வளவு சலுகை!' என்று அவசரப்படாதீர்கள். அடுத்த நிபந்தனையைக் கேளுங்கள். அவளுடைய புருஷன் சம்மதித்திருந்தாலோ, கண்டும் காணாமல் இருந்திருந்தாலோ அது குற்றமே இல்லை!

அதாவது குற்றம் நடந்தது அவளுக்கு அல்ல, அவள் சொந்தக்காரனுக்கு! புருஷன் ஒரு விதவையோடோ கல்யாணமாகாத பெண்ணோடோ போனால் 497 வராது. மனைவியால் புகார் கொடுக்கவும் முடியாது. புகார் கொடுக்கும் உரிமை அந்த 'நஷ்டப்பட்ட' புருஷனுக்கு மட்டும்தான். எங்கள் பாஷையில் சொன்னால், மனைவி என்பவள் அசையும் சொத்துக் கணக்கில் வைக்கப்பட்டிருந்தாள்.

மெக்காலேயை ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம். அதே வரைவில் அவர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். கணவன் தன் மனைவியோடு வைத்துக்கொள்ளும் உறவு எந்த நிலையிலும் பலாத்காரம் ஆகாது! பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து நீதிபதி மேத்யூ ஹேல் சொல்லிவைத்த சரக்கு அது. கல்யாணத்தோடு மனைவி ஒரேயடியாகச் சம்மதம் கொடுத்துவிட்டாள், திரும்ப வாங்க முடியாது என்பது ஹேலின் தத்துவம். 1860 சட்டம் இதில் ஒரே ஒரு வரம்பு வைத்தது. மனைவிக்குப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும்.

பத்து வயது!

அதற்கு ஒரு குழந்தை விலை கொடுத்தது. 1889-ல் வங்காளத்தில் ஃபுல்மோனி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல வருடம் மூத்த கணவன் கட்டாயப்படுத்தியதில் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். வயது பத்தைத் தாண்டியிருந்ததால் சட்டப்படி அது பலாத்காரம் இல்லை. கவனக்குறைவாகப் பலத்த காயம் ஏற்படுத்தினான் என்ற பிரிவில் கணவனுக்குக் கிடைத்தது ஒரே வருட ஜெயில். நாடே கொதித்தது. 1891-ல் வயதைப் பன்னிரண்டாக உயர்த்தினார்கள். அதற்கும் எதிர்ப்பு! 'எங்கள் வீட்டுக்குள் நுழைய வெள்ளைக்காரன் யார்?' என்றவர்களில் பால கங்காதர திலகரும் ஒருவர்.

பிறகு 1925-ல் பதின்மூன்று. 1949-ல் பதினைந்து. அதற்கப்புறம்? அங்கேயே நின்றுவிட்டது. பதினெட்டு வயதுக்குள் கல்யாணமே கூடாது என்று சட்டம் வந்த பிறகும், மனைவியாக இருந்தால் பதினைந்து போதும் என்ற வரி அப்படியே இருந்தது. 2017 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத்தான் அதைப் பதினெட்டாக்கியது.

ஆபீஸ் கதவு, வீட்டுக் கதவு இரண்டையும் நம் பார்லிமென்ட் ஒரே வருடத்தில் தட்டிய சம்பவமும் உண்டு. 1983.

மகாராஷ்டிராவில் 1972-ல் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணை போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே வைத்துச் சீரழித்ததாக இரண்டு காவலர்கள் மீது வழக்கு. சுப்ரீம் கோர்ட்டில் அவர்கள் விடுதலையானார்கள். உடம்பில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்று காரணம். தேசம் முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் விளைவாக 1983-ல், காவலில் உள்ள பெண்ணை பலாத்காரம் செய்யும் அதிகாரிக்குத் தனியாகக் கடும் தண்டனை வந்தது. அதே வருடம், ஸ்டவ் வெடித்துச் செத்த மருமகள்களின் கணக்கு பத்திரிகைகளில் நிரம்பி வழிந்ததால், கணவன் வீட்டுக் கொடுமைக்கு 498-ஏ வந்தது. 1986-ல் வரதட்சணைச் சாவுக்கு 304-பி.

498-ஏ தவறாகவும் பயன்படுத்தப்படுகிறது என்ற புகார் வலுத்தது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: புகார் வந்ததும் குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு போகாதே, கைது தேவைதானா என்று எழுதிக் காட்டு. காட்டாத போலீஸ்காரர் மீது துறை நடவடிக்கையும் கோர்ட் அவமதிப்பும் பாயும். வீட்டுச் சண்டையில் ஆரம்பித்த வழக்கு, அதிகாரியின் அத்துமீறலில் வந்து முடிந்தது பாருங்கள்!

அத்துமீறல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வாச்சாத்தி. 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்தில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ மூன்றும் சேர்ந்து அந்த மலையோர கிராமத்துக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின. பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். 'அரசாங்க அதிகாரிகள் அப்படிச் செய்வார்களா?' என்றுதான் முதல் பதில் வந்தது. 1854-ல் லண்டனில் கேட்ட அதே பதில்! ஹைகோர்ட் உத்தரவிட்டு சி.பி.ஐ. வந்து, 269 பேர் மீது வழக்கு நடந்து, 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது தர்மபுரி கோர்ட். அப்பீலை ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். முப்பத்தோரு வருடம்! அன்று சிறுமியாக இருந்தவளுக்கு, தீர்ப்பு வரும்போது மகனுக்கே கல்யாண வயது.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டு புதிய லெட்ஜரைத் திறப்போம். முதலில் வரவு.

அரசாங்க அனுமதிக்கு இப்போது கெடு வந்துவிட்டது. நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவு சொல்கிறது: கேட்டதிலிருந்து 120 நாளுக்குள் அரசாங்கம் முடிவெடுக்க வேண்டும். எடுக்கவில்லையா? அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம்! இது வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. 2ஜி விவகாரத்தில் சுப்பிரமணியன் சுவாமி தொடர்ந்த வழக்கில், 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன யோசனைதான். பாலியல் குற்றத்தில் சிக்கிய அதிகாரிக்கு இந்த அனுமதிக் கவசமே கிடையாது. பாலியல் குற்றப் புகாரில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும் போலீஸ்காரருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை கடுங்காவல். டெல்லி பஸ் கொடூரத்துக்குப் பின் 2013-ல் வந்த இந்த விதி, இப்போது நியாய சன்ஹிதாவில் 199-வது பிரிவு.

497 போய்விட்டது. 2018 செப்டம்பர் 27-ல் ஜோசஃப் ஷைன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. இதில் ஒரு சுவாரஸ்யம். 1985-ல் அதே பிரிவு செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் ஒய்.வி.சந்திரசூட். ரத்து செய்த ஐந்து பேரில் ஒருவர், அவருடைய மகன் டி.ஒய்.சந்திரசூட்! இரு பாலாருக்கும் பொதுவான குற்றமாக அதை மறுபடி கொண்டுவரலாம் என்று 2023-ல் பார்லிமென்ட் நிலைக்குழு சிபாரிசு செய்தது. அரசு சேர்க்கவில்லை. கல்யாணம் செய்வதாகப் பொய் வாக்குறுதி கொடுத்து உறவு வைத்தால் பத்து வருடம் வரை தண்டனை என்று 69-வது பிரிவு புதிதாக வந்திருக்கிறது.

சரி, பாக்கி?

அதிகாரி விஷயத்தில் ஒரு பூட்டை இளக்கிவிட்டு வேறு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அரசு ஊழியர் கடமையைச் செய்தபோது நடந்தது பற்றி நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனால், விசாரணைக்கு உத்தரவிடும் முன் அவருடைய மேலதிகாரியின் ரிப்போர்ட்டையும் அவர் தரப்பையும் பார்க்க வேண்டும் என்கிறது 175-வது பிரிவு. உங்கள் தனிப் புகாரை ஏற்பதற்கு முன்பும் அதே நடைமுறை என்கிறது 223. ஒருவருக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்றே சட்டத்தை மீறும் அதிகாரிக்கு அதிகபட்சம் ஒரு வருடம்தான் ஜெயில். 1860-ல் இருந்த அதே ஒரு வருடம். சாதாரணத் திருட்டுக்கே மூன்று வருடம் வரை உண்டு!

வீட்டு விஷயத்தில் 497 போனாலும் அதன் தம்பி இருக்கிறான். அடுத்தவன் மனைவியைத் தவறான நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துப் போவது குற்றம் என்ற பழைய 498, இப்போது 84. புகார் தரும் உரிமை? அதே புருஷனுக்குத்தான். அவள் தன் விருப்பத்தோடு போனாளா என்ற கேள்விக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை.

கடைசியாக, ஹேல் துரையின் சரக்கு. 2013-ல் வர்மா கமிஷன் அதை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. அதைக் கண்டுபிடித்த இங்கிலாந்தே 1991-ல் தூக்கிப் போட்டுவிட்டது. நாம் 63-வது பிரிவில், மனைவிக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும் என்று மறுபடி எழுதி வைத்திருக்கிறோம். பிரிந்து வாழும் மனைவி என்றால் மட்டும் 67-ன் கீழ் இரண்டு முதல் ஏழு வருடம். 2022 மே மாதம் டெல்லி ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இதில் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. விதிவிலக்கை எடுத்தால் கல்யாண உறவு பாதிக்கும், மனைவியைக் காக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு பதில் கொடுத்தது. விசாரணை ஆரம்பித்து, தலைமை நீதிபதி ஓய்வு பெறும் நேரம் வந்ததால் தள்ளிப்போனது. அந்தத் தலைமை நீதிபதி, அப்பாவின் தீர்ப்பை மாற்றிய அதே டி.ஒய்.சந்திரசூட்!

எதற்கு இத்தனை நம்பர் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மூன்றை மட்டும் டைரியில் குறித்து வையுங்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த பாலியல் கொடுமையை எழுதிக்கொள்ள ஸ்டேஷனில் மறுத்தால், 199. அதிகாரி மீது வழக்குப் போட அனுமதி கேட்ட ஃபைல் எங்கோ தூங்கினால், 218. நூற்று இருபது நாள் எண்ணுங்கள். வாக்குமூலத்துக்காக யார் மீதாவது கை வைத்தால், 120. கடைசி எண்ணுக்குப் பின்னால், விரல் நசுங்கிய கையோடு மெட்ராஸ் கமிஷன் முன்னால் போய் நின்ற குடியானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் பர்மிஷன் கேட்கவில்லை.